எங்கள் கம்பெனியின் தண்ணீர்ப் பந்தல்

எங்கள் கம்பெனியில் நல்ல காரியம் செய்வதற்கென்று ஒரு கமிட்டி உண்டு. அதன் செயலாளர் நான்தான். ஒரே ஒரு கூட்டத்துக்கு வராமல் இருந்தேன். வராதவள் தலையில் பதவியைக் கட்டிவிட்டார்கள்.

இப்போதெல்லாம் கமிட்டியில் யார் என்ன யோசனை சொன்னாலும் நான் முதலில் ஒன்றுதான் கேட்பேன்: "இதுக்கு யாரோட லீவு போகுது?" எல்லோரும் முகத்தைச் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். அந்தக் கேள்வியை நான் ஒரு தைப்பூசத்தன்று நன்றாக வெட்கப்பட்டுக் கற்றுக்கொண்டேன்.

அதற்கு முந்தைய வருடம் ஒரு முதியோர் இல்லத்துக்குச் சக்கர நாற்காலிகள் கொண்டுபோனோம். பேனர், கேக், குரூப் போட்டோ, எல்லாம் உண்டு. இல்லத்தை நடத்தும் சிஸ்டர் மிகவும் மரியாதையாக எங்களை ஸ்டோர் அறைக்கு அழைத்துப்போய்க் காட்டினார். மற்ற கம்பெனிகள் கொடுத்த சக்கர நாற்காலிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. "அடுத்த தடவ டயாப்பர் கொண்டாங்கம்மா, அதுதான் பத்தமாட்டேங்குது" என்றார். திரும்பும் வழியில் வேனில் எங்கள் மேனேஜர் ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "டயாப்பர வச்சிக்கிட்டு எப்படிலா போட்டோ எடுக்கிறது?"

மேனேஜர் கெட்டவர் இல்லை. பினாங்கு கெலுகோர்க்காரர், நம் தமிழர், சிரித்த முகம். கொடுக்க வேண்டும் என்ற ஆசை உண்மையிலேயே அவருக்கு உண்டு. யாருக்கு என்ன வேண்டும் என்று கேட்கிற பொறுமைதான் கிடையாது.

அந்த வருடம் தைப்பூசத்துக்கு, மலைமேல் முருகன் கோயிலுக்குப் போகும் தண்ணீர்மலை ரோட்டில் கம்பெனி பெயரில் தண்ணீர்ப் பந்தல் போடுவதென்று முடிவானது. அன்றைக்கு அந்த ரோட்டில் பத்தடிக்கு ஒரு பந்தல் இருக்கும். மோர், பானகம், சோயா பால், சுடச்சுடச் சாப்பாடு! அந்த ரோட்டில் ஒருவர் தாகத்தோடு நடந்துபோவதே கஷ்டம். ஆத்துல போற தண்ணிய ஐயா குடி அம்மா குடி என்கிற கதைதான். ஆனால் நான் வாயைத் திறக்கவில்லை. நான் மாதா கோயிலுக்குப் போகிறவள், தைப்பூசத்தைப் பற்றி ஏதாவது சொன்னால் "ஒங்களுக்கு என்ன தெரியும்?" என்பார்கள்.

"பந்தல்ல குப்பைய யாரு எடுக்கிறது பாஸ்?" என்று மட்டும் கேட்டேன்.

"நம்ம கிளீனருங்க இருக்காங்கல்ல? எழுதிப் போடுங்க."

எழுதிப் போட்டேன். கிளீனர்கள் எங்கள் ஆட்கள் இல்லை, காண்ட்ராக்டரின் ஆட்கள். ஆறு பெயர்களை அவர்களுடைய சூப்பர்வைசருக்கு அனுப்பினேன். தைப்பூசம் பினாங்கில் பொது விடுமுறை. பந்தலுக்கு வரும் எங்களுக்கு அதற்குப் பதிலாக இன்னொரு நாள் லீவு. அவர்களுக்கு ஒரு டி-ஷர்ட். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

அந்தப் பட்டியலில் மூன்றாவது பெயர், எங்கள் மாடியைக் கூட்டும் அக்காவுடையது. அக்கரையில் சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல்பாலம் தாண்டி மோட்டார் சைக்கிளில் வருகிறவர். விபத்தில் காலொடிந்து கிடந்த அவருடைய மகள் அந்த வருடம்தான் எழுந்து நடந்தாள். நடந்துவிட்டால் பால்குடம் எடுக்கிறேன் என்பது அக்காவின் வேண்டுதல். விரதம் இருந்ததும் எனக்குத் தெரியும். "அக்கா, நெத்திலி இருக்கு, என் நாசி லெமாக் பக்கம் மூச்சுகூட விடாதீங்க" என்று கேலிகூடச் செய்திருக்கிறேன். அப்படிக் கேலி செய்தவள்தான் பட்டியலையும் எழுதினாள். என் மண்டையில் இரண்டும் இருந்தன, ஒன்றையொன்று சந்திக்கவே இல்லை.

தைப்பூசத்தன்று காலை, பந்தலுக்குப் பின்னால் அக்கா சூப்பர்வைசரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். கம்பெனி டி-ஷர்ட்டுக்குக் கீழே மஞ்சள் சேலை தெரிந்தது.

"தங்கச்சி கீழ்க்கோயில்ல குடத்தோட நிக்கிது அண்ணே. ரெண்டு மணி நேரம் விடுங்க, ஓடி வந்துர்றேன்."

"என்கிட்ட கேட்டா? மேடம் குடுத்த லிஸ்ட்லா" என்று அவர் என்னைக் கைகாட்டினார்.

அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தாலாவது பரவாயில்லை, நான் என்ன சொல்லப்போகிறேனோ என்று பயந்து பார்த்தார். எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. அவர் கையிலிருந்த ரப்பர் கையுறைகளை வாங்கி மாட்டிக்கொண்டேன். "போங்கக்கா. நான் பாத்துக்கிறேன்" என்றேன். அவர் டி-ஷர்ட்டைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு ஓடினார்.

அன்றைக்கு முழுவதும் நான் பொறுக்கியது எங்கள் கம்பெனி பாட்டில்களைத்தான். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்பட்டு வாங்கி, ஒரு மடக்குக் குடித்துவிட்டு, நாலடி தள்ளிப் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள்.

வெயில் ஏறிய நேரத்தில் அக்கா தலையில் குடத்தோடு கூட்டத்தில் வந்தார். மேனேஜர் சட்டென்று முன்னால் பாய்ந்து அவருக்கு ஒரு பாட்டிலை நீட்டினார். போட்டோக்காரர் பளிச் பளிச்சென்று எடுத்தார். மேனேஜர் நீட்டிய கை நீட்டியபடியே நிற்க, அக்கா கண்ணீரும் வேர்வையுமாக மலையை நோக்கி நடந்துபோனார். தன் அறையைத் தினமும் கூட்டுகிறவரை மேனேஜருக்கு அடையாளம் தெரியவில்லை.

அடுத்த வாரம் அந்தப் படம் கண்ணாடிச் சட்டத்தில் மேனேஜரின் அறைச் சுவரில் ஏறியது. அன்றைக்கே சூப்பர்வைசர் என்னிடம் வந்து, வேலை நேரத்தில் ஓடிப்போனதால் அக்காவை நிறுத்தப்போவதாகச் சொன்னார். அனுப்பியது நான்தான் என்றேன்.

"நீங்க கம்பெனி, மேடம். அது எங்க ஆளு" என்றார்.

அடப்பாவி! குப்பை பொறுக்க மட்டும் எங்கள் ஆள், வேலையைவிட்டு எடுக்கும்போது அவர்கள் ஆளா? கதவைத் தட்டக்கூட மறந்து மேனேஜரின் அறைக்குள் போனேன்.

"இந்தப் படத்துல இருக்கிறது யாருன்னு தெரியுமா பாஸ்?"

"யாரோ ஒரு பக்தை. நல்ல களையான முகம்லா."

நான் பதில் சொல்வதற்குள் குப்பைத்தொட்டியை எடுக்க அக்காவே உள்ளே வந்துவிட்டார். மேனேஜர் அவரைப் பார்த்தார், படத்தைப் பார்த்தார், மறுபடி அவரைப் பார்த்தார். அக்கா அந்தப் படத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்க்கிறார். அவர் முகம் வாடிவிட்டது.

"மன்னிச்சிக்குங்க பாஸ்" என்றார். "நீங்க ஆசையா தண்ணி நீட்டியிருக்கீங்க. ரெண்டு கையும் குடத்துல இருந்துச்சி, வாங்க முடியாம போச்சி."

நான் விஷயத்தைச் சொன்னேன். அவர் உடனே போனை எடுத்துச் சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். "அவங்கள எடுக்கக் கூடாது. அடுத்த வருஷம் தைப்பூசத்துக்கு கிளீனருங்க யாரையும் கூப்பிடவும் கூடாது" என்று அதட்டினார். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அந்தப் பக்கத்திலிருந்து ஏதோ கேட்டிருக்க வேண்டும். மேனேஜர் போனைக் கையால் பொத்திக்கொண்டு, தொட்டியோடு பக்கத்திலேயே நின்ற அக்காவை விட்டுவிட்டு, என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"அவங்க பேரு என்ன?"