அக்கா பங்கு வைத்த குளிசைகள்

எனக்குத் துக்கமாக இருந்தது என்று சொன்னால் அது பொய். துக்கம் இருந்தால் அழலாம், யாரிடமாவது சொல்லிப் புலம்பலாம். எனக்கு வந்தது வேறு. பல் பிடுங்கும்போது ஈறில் ஊசி போடுவார்களே, அதற்குப் பிறகு கன்னத்தைத் தொட்டால் யாரோ ஒருத்தருடைய கன்னம் போல இருக்குமே, அப்படி. உடம்பு முழுக்க, நாள் முழுக்க.

ஹூஸ்டனை ஒட்டிய சுகர் லேண்ட் என்ற ஊரில் ஒரு இந்தியப் பலசரக்குக் கடையில் காய்கறிப் பகுதி என் பொறுப்பு. பிளஸ் டூவோடு படிப்பு நின்றது. அதற்குப் பிறகு படித்ததெல்லாம் மனிதர்களுடைய வாயிலிருந்துதான். ஈரோட்டுக்கார அம்மா ஒருவர் கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானுங்க ஆவோணும், ஆனா டெக்சாஸ் வரைக்குமா வரோணும்?" என்பார். அதைக் கேட்டுவிட்டு அன்றைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பேன். போன வருஷம் அந்தச் சிரிப்பு நின்றுபோனது. பேச்சு காதில் விழும், ஆனால் உள்ளே இறங்காது.

பெரிதாகத் தெரிந்தது மகள் விஷயத்தில்தான். ஒரு சாயங்காலம் ஃபோனைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்தாள். "அப்பா, ஐ காட் இன்!" ஆஸ்டினில் அவள் ஆசைப்பட்ட கல்லூரி. நான் "சரிம்மா, சாப்டியா?" என்று கேட்டேன். அவள் முகம் மாறியது எனக்குத் தெரிந்தது. மாறியது தெரிந்தும் ஒன்றும் ஆகவில்லை. ஆகஸ்டில் அவள் கிளம்பிவிடுவாள். அதற்குள் ஒரு நாளாவது அந்தச் சந்தோஷம் எனக்கு வந்துவிட வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அதையும் நெஞ்சால் நினைத்ததாகத் தெரியவில்லை, புத்தியால்தான்.

டாக்டரிடம் போயிருக்கலாம். எங்கள் பக்கத்து டாக்டர்களில் பாதிப்பேர் என்னிடம் முருங்கைக்காய் வாங்குகிறவர்கள். மனசு சரியில்லை என்று அவர்களிடம் சொல்லிவிட்டு மறுநாள் எப்படி எடை போடுவது? என் மனைவிதான் இணையத்தில் தேடி, மனச்சோர்வுக்குப் புது மருந்து ஒன்றைச் சோதித்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஹூஸ்டனில் நடக்கிறது என்று கண்டுபிடித்தாள்.

"அங்க நீங்க ஒரு நம்பர்தான். நோய்க்கும் பார்க்கணும், பேய்க்கும் பார்க்கணும்னு எங்க சித்தப்பா சொல்லுவாரு. பேய்க்குப் பார்க்க இங்க ஆள் இல்ல. நோய்க்காவது போய்ப் பாருங்க."

போனேன். அங்கே ஒரு வெள்ளைக்காரப் பெண், பொறுமைசாலி, எல்லாவற்றையும் விளக்கினாள். சிலருக்கு மருந்து உள்ள மாத்திரை, சிலருக்கு ஒன்றுமில்லாத வெறும் மாத்திரை. பார்க்க இரண்டும் ஒன்று. யாருக்கு எது என்பது எனக்கும் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை போகும்போதும் கேள்விகள். தூக்கம் எப்படி, பசி எப்படி, பிடித்த காரியத்தில் ஆர்வம் எப்படி. நான் சொன்னதைக் குறித்துக்கொண்டு, மிச்ச மாத்திரையை எண்ணிப் பார்த்து, அடுத்த டப்பாவைத் தருவாள்.

இரண்டாவது தடவை போனபோது காத்திருக்கும் அறையில் எனக்குத் தெரிந்த முகம் ஒன்று. யாழ்ப்பாணத்து அக்கா. சர்ச்சுக்குப் போகிறவர், கணவர் இறந்தபின் தனியாக இருக்கிறார், கிறிஸ்மஸ் வந்தால் கடையில் எல்லோருக்கும் கேக் கொண்டுவருவார்.

"தம்பி! என்ன இஞ்சால?"

"சும்மாக்கா. சுகர் டெஸ்ட். நீங்க?"

"நானும் உதுக்குத்தான்."

எங்கள் தலைக்கு மேலே சுவரில் பெரிய எழுத்தில் அது என்ன இடம் என்று எழுதியிருந்தது. இருவரும் சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்த டிவியைப் பார்த்தோம். பிறகு அவரே சொன்னார்.

"எங்கட டொக்டர்மார் எல்லாரும் எங்கட சேர்ச்சிலதான் இருக்கினம். அவையிட்டச் சொன்னா, ஞாயிற்றுக்கிழமை மைக்கில என்ர பேரைச் சொல்லிச் செபிப்பினம். தேவையோ எனக்கு?"

பழைய நானாக இருந்தால் வயிறு குலுங்கியிருக்கும். சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்ததால் சிரித்து வைத்தேன்.

சில வாரங்களில் அக்காவிடம் மாற்றம் தெரிந்தது. கடைக்கு வந்தார், வெண்டைக்காய் நுனியை ஒடித்தார், என்னோடு சண்டை போட்டார். "எனக்கு மருந்து நல்லாக் கேக்குது தம்பி. காலமை எழும்பி ரேடியோ போடுறன். உமக்கு?"

"ஒன்னும் தெரியலக்கா. மக காலேஜுக்குக் கெளம்புறதுக்குள்ள சரியாகணும்."

எங்கள் ஆட்களுக்கு மருந்தும் ஊறுகாய் மாதிரிதான். நன்றாக இருந்தால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கிண்ணம் போயாக வேண்டும். என் மனைவியின் மூட்டுவலித் தைலம், என் அசிடிட்டி மாத்திரை எல்லாம் ஊரிலிருந்து வந்த யாரோ ஒருத்தருடைய பெட்டியில், யாரோ ஒருத்தருக்குக் கேட்ட மருந்தாகத்தான் வந்து சேர்ந்தன. அதனால் ஒரு நாள் அக்கா அலுமினியத் தாளில் எதையோ சுற்றி, கறிவேப்பிலைக் கட்டுக்குப் பக்கத்தில் வைத்தபோது எனக்கு ஆச்சரியமே வரவில்லை.

"என்ர குளிசையில பங்கு வச்சனான். உமக்குத் தந்தது வெறுங்குளிசை போல. மகள் போறதுக்குள்ள சுகம் வர வேணுமெண்டு சொன்னனீர்தானே? இதைப் போட்டுப் பாரும்."

வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சமையல் மேடையில் அவருடையதையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரே நிறம், ஒரே அளவு. தண்ணீரும் பிடித்துவிட்டேன். நல்ல புத்தி வந்து தடுத்தது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் இல்லை. வியாழன்தோறும் காய்கறி லோடு வந்ததும் முதல் ஆளாக வந்து நிற்கிற அக்கா, இந்த வியாழன் வரவில்லையே என்று தோன்றியது. அதற்கு முந்தின வியாழனும் வரவில்லை, நடுவில் இந்தப் பொட்டலத்தைக் கொடுக்க வந்ததோடு சரி. பல்பு எரியவில்லை என்று கவனிப்பதுபோல, எந்தக் கலக்கமும் இல்லாமல் அதைக் கவனித்தேன். எனக்கு வைத்த பங்கு அவருடைய வாயிலிருந்து எடுத்த பங்கு. மறுபடி தாளில் சுற்றி வைத்தேன்.

அடுத்த முறை மகள்தான் கார் ஓட்டினாள். அவளிடமும் சுகர் டெஸ்ட் என்றே சொல்லியிருந்தேன். "ஐ'ல் வெயிட் இன் த கார்," என்றாள்.

உள்ளே அக்கா உட்கார்ந்திருந்தார். தலை சரியாகச் சீவவில்லை. பொட்டலத்தை அவர் கையில் வைத்தேன்.

"என்ன தம்பி இது? நான் நஞ்சோ தந்தனான்?"

"இல்லக்கா. எனக்குத் தர்றதுக்காக நீங்க போடாம விட்டிருக்கீங்க."

"ஒருநாள் விட்டு ஒருநாள் போடுறன். அதுக்கென்ன?"

"ரேடியோ போடுறீங்களா?"

அவர் பொட்டலத்தைக் கைப்பைக்குள் திணித்தார்.

"உள்ள போய்ச் சொல்லிடுங்கக்கா. மாத்திரையை விட்டு விட்டுப் போட்டா உடம்புக்கு என்ன ஆகும்னு நமக்குத் தெரியாது."

"சொன்னா என்னை நிப்பாட்டிப் போடுவினம். இதையும் பறிச்சா நான் என்ன செய்யிறது?" நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஆறுதலாக ஒரு வார்த்தை, ஒரு சொலவடை, எதுவும் நாக்குக்கு வரவில்லை. "நான் வேணா கூட வரட்டுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"வேண்டாம். நான் என்ன சின்னப் பிள்ளையோ?" என்று எழுந்து போனார். வெகுநேரம் கழித்து வெளியே வந்தார்.

"அந்தப் பிள்ளை என்னை ஏசேல்லை. குடிக்கத் தண்ணி தந்தவள். இனி ஆருக்கும் குடுக்கக் கூடாதாம். என்னை வச்சிருக்கிறதோ எண்டு பெரிய டொக்டரைக் கேட்டுச் சொல்லுவினமாம்." கைப்பையை மூடிக்கொண்டே சொன்னார், "அது மருந்தோ வெறுங்குளிசையோ எண்டு கேட்டன். தனக்கும் தெரியாதாம். எதெண்டாலும் எனக்குக் கேட்டது உண்மைதானே தம்பி?"

"உண்மைதான்க்கா," என்றேன்.

அடுத்து நான். அக்கா கொடுத்ததை வாங்கியது நானும்தான், ஒன்றையும் விழுங்கவில்லை என்று முதலில் சொன்னேன். பிறகு, எனக்கு ஒரு மாற்றமும் இல்லை, நின்றுவிடுகிறேன் என்றேன். எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம், அது உங்கள் உரிமை என்று சொல்லிவிட்டு அந்தப் பெண், டாக்டரைக் கூப்பிட்டாள். அவர் நிதானமாகப் பேசினார். ஏற்கெனவே பழக்கத்தில் உள்ள மருந்துகள் இருக்கின்றன, ஒரு மருத்துவரிடம் அனுப்புகிறேன், ஆனால் அதுவும் வேலை செய்ய வாரக்கணக்கில் ஆகும் என்றார்.

"ஆகஸ்டுக்குள்ள ஆயிடுமா?" என்று எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டேன்.

சொல்ல முடியாது என்றார்.

காரில் ஏறி பெல்ட்டைப் போட்டபின், வண்டியை எடுக்காதே என்று மகளிடம் சொன்னேன். "இது சுகர் டெஸ்ட் இல்லம்மா. நீ காலேஜ் கெடச்சதுன்னு ஓடி வந்தியே, அன்னிக்கு எனக்குச் சந்தோஷம் வரல. உன் மேல குத்தம் இல்ல. எதுவுமே வரல. அது வரணும்னுதான் இங்க வந்துகிட்டு இருந்தேன். நீ போறதுக்குள்ள வராது போலிருக்கு."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தாள். "ஐ நோ, அப்பா. அம்மா டோல்ட் மீ." கொஞ்சம் மூக்கை உறிஞ்சினாள். அப்புறம், வீட்டில் எதற்கும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், தடுமாறித் தடுமாறித் தமிழில் சொன்னாள்: "செப்டம்பர்ல வந்தா... கால் பண்ணு. கிளாஸ்ல இருந்தாலும் எடுப்பேன்."

வண்டியை எடுத்தாள். ஃப்ரீவேயில் ஏறும் இடத்தில் யாரும் வழி விடவில்லை. இடைவெளி கிடைக்கிறதா என்று இருவரும் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.