ஒழுகலுக்கு ஒரு ஜட்ஜ்

ஈரம் பூத்த சுவரில் இடது காதை ஒட்டவைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த நேரத்தில் யாராவது இருமினால்கூடக் கையை உயர்த்தி அடக்கிவிடுவார். அறுபது வீடுகள் கொண்ட அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அவர் பிளம்பர். ஆனால் எல்லோரும் கூப்பிடுவது 'ஜட்ஜ்' என்றுதான்.

மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கசிவுச் சண்டை வந்தால், வக்கீல் நோட்டீசுக்கு முந்தி இவருக்குத்தான் போன் போகும். குடியிருப்போர் சங்கத்தின் விதிப்புத்தகம் முப்பது பக்கம். இவர் ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்: "உங்க வீட்டுக்கு மட்டும் ஓடுற குழாய் உங்க பொறுப்பு. எல்லா வீட்டுக்கும் ஓடுறது சங்கத்துப் பொறுப்பு. இதுக்கு எதுக்குங்க இவ்ளோ காகிதம்?" தீர்ப்பு சொல்லும்வரை இரண்டு வீட்டிலும் டீ குடிக்கமாட்டார். சொன்ன பிறகு இரண்டு வீட்டிலும் குடிப்பார், தோற்ற வீட்டில் சர்க்கரை தூக்கலாகக் கேட்டு.

சென்ற வாரம் மூன்றாம் மாடிப் பல் டாக்டரின் கூரை சொட்டியது. நேர்மேலே தையல்காரம்மா வீடு. தொழிலில் ஊரையே அலறவைக்கும் டாக்டருக்கு அந்த அம்மாவின் தையல் மெஷின் சத்தமே ஆகாது. வேண்டாத மருமகள் கை பட்டால் குற்றம், கால் பட்டால் குற்றம் என்கிற கதைதான். "அவங்க பாத்ரூம்தான்" என்று டாக்டர் அடித்துச் சொன்னார். சங்கமும் தீர்மானம் போட்டுவிட்டது: அது அந்த அம்மாவின் தண்ணீர் என்று தெரிந்தால் அன்றே இணைப்பை நிறுத்துவது, தரையை உடைப்பது. வீட்டிலேயே தைத்துப் பிழைப்பவர் எங்கே போவார்?

"அண்ணே, நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றார் தையல்காரம்மா.

"நான் என்னம்மா சொல்றது? தண்ணியே சொல்லும்."

சிவப்புச் சாயப்பொடியை அந்த அம்மாவின் குளியலறையில் கரைத்து ஊற்றினார். பச்சையை, மொட்டைமாடியிலிருந்து இறங்கும் பொதுக் குழாயில். பிறகு டாக்டர் வீட்டு வெள்ளை வாளி முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டார். முக்கால் மணி நேரம் கழித்து விழுந்த சொட்டு பச்சை.

தையல்காரம்மா புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டாக்டர் முணுமுணுப்பாக மன்னிப்புக் கேட்டார். செயலாளர் சங்கத்து நோட்டில் எழுதினார்: 'காரணம்: பழைய குழாய்.'

அத்தோடு கிளம்பியிருக்கலாம். ஜட்ஜ் குழாய்ச் சந்தின் கதவைத் திறந்து டார்ச் அடித்தார். முகம் செத்துப்போயிற்று. விட்டுப்போயிருந்த ஜாயின்ட் போன வருஷம் அவரே மாட்டியது. பசை காயுமுன் அவசரப்பட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டது அவருக்கு நன்றாக நினைவிருந்தது. வேறு யாருக்கும் தெரியாது. வெளியே சொன்னால், இனி எந்த வீட்டில் இவர் பேச்சு எடுபடும்?

"பழசுன்னா விடத்தானே செய்யும்" என்றபடி செயலாளர் நோட்டை மூடப்போனார்.

ஜட்ஜ் கை நீட்டி அதை வாங்கினார். 'பழைய குழாய்' என்பதைக் கோடிழுத்து அடித்தார். பக்கத்தில் 'என் வேலை' என்று எழுதி, அடியில் நிறுத்தி நிதானமாகக் கையெழுத்துப் போட்டார்.