தூணுக்குப் பின்னால் நின்று ஏலம் கேட்டவன்

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை. இரணியல் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும் — ஆராதனை முடிந்ததும் காணிக்கைப் பொருட்களை ஏலம் விடுவார்கள். பூசணிக்காய், சேவல், செவ்வாழைக் குலை... நடுவில் ஒரு ஆல்பம் வந்தது. பபிள்கம் பாக்கெட்டுக்குள் இருக்குமே, கிரிக்கெட் கார்டு! முழு செட்.

"அம்பது!" என்றாள் ஜெஸி. குவைத்தில் நர்ஸ், லீவில் வந்திருக்கிறாள்.

வேறு யாரும் கேட்கவில்லை. நான் கேட்டேன். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "நூறு!"

எனக்கெதற்குக் கார்டு? சபைக்கு நாலு காசு கூடட்டுமே என்று கமிட்டிக்காரர்கள் நாங்கள் செய்வதுதான். விலையை ஏற்றிவிட்டுக் கடைசியில் நழுவிவிடுவோம். இதற்கு 'ஊழியம்' என்று பெயர் வேறு வைத்திருந்தேன். பொய் என்று சொல்ல வெட்கம்!

அவள் ஏற்றினாள். நானும் ஏற்றினேன். நான் "ஆயிரம்!" என்றபோது ஜெஸியின் அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். "பழைய பேப்பருக்கு ஆயிரமா ஏட்டி? இரி அங்க!"

ஒருதரம்... ரெண்டுதரம்... மூணுதரம்!

ஏலம் விட்ட தாசையா, என் வயசுக்காரர், எட்டிப் பார்த்தார். "சாரே! உமக்கு எதுக்கு ஓய் பபிள்கம் கார்டு?"

சபையே சிரித்தது. ஜெஸி சிரிக்கவில்லை.

"சார், அது எனக்க கார்டு. நானும் தம்பியும் சின்னதுல சேத்தது. அம்மை அலமாரி ஒதுக்கும்போ தெரியாம காணிக்கையில வச்சிட்டா. நீங்க நெஜமாட்டு எடுக்கவா கேட்டிய?"

மைக்கை வாங்கினேன். "இல்லை. வாங்கும் எண்ணமே இல்லாமல் கேட்டேன். போன வருஷச் சேவலுக்கும் அப்படித்தான். மன்னியுங்கள்."

"அடப்பாவி! எனக்க சேவலுக்குமா?" — பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

ஆல்பத்தை ஜெஸியிடம் நீட்டினேன். வாங்கவில்லை. "சும்மா வேண்டாம் சார். மறு ஏலம் விடச் சொல்லுங்க."

எடுத்த பொருளைச் சபைக்கே திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஏலம் விடுவது எங்கள் வழக்கம். ஆயிரத்தைக் கட்டிவிட்டுக் கொடுத்தேன்.

"ஒரு ரூவா!" என்றாள் ஜெஸி.

தாசையா சபையைப் பார்த்தார். சபை கூரையைப் பார்த்தது. எதையும் விலையேற்றாமல் விடாத எங்கள் பொருளாளர் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். தாய்மார்கள் பிள்ளைகளின் வாயைப் பொத்தினார்கள்.

மூணுதரம்!

கைதட்டல் அடங்குவதற்குள் ஜெஸி போனில் தம்பியிடம் கத்திக்கொண்டிருந்தாள். "ஏலே மக்கா, கெடச்சாச்சு டே! ஒண்ணும் போகல்ல!"

எங்கள் சபை மொத்தமும் ஒரே நேரத்தில் வாயை மூடியிருந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்... ஜெபத்தில்கூடப் பார்த்ததில்லை!