ஒரு வாசலையும் விடாத மணி

அப்பா இறைவனடி சேர்ந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளின் வணக்கம்.

அப்பா பிறந்ததும் கடலுக்குப் போனதும் கண்மூடியதும் புன்னக்காயலில்தான். தாத்தா கடலில் இறந்தபோது அப்பாவுக்கு மீசைகூட முளைக்கவில்லை. தம்பியை, அதாவது எங்கள் சித்தப்பாவை, அவர்தாம் ஆளாக்கினார். கோபக்காரர். ஊரறிந்த விஷயம், மறைப்பானேன்.

பல நூற்றாண்டுகளுக்கு முன் புனிதர் நம் கரையில் வந்திறங்கிய நாளை ஆண்டுதோறும் கொண்டாடுகிறோம். அவர் கைமணி அடித்துத் தெருத்தெருவாகப் பிள்ளைகளைச் செபம் படிக்க அழைத்தாராம். அதன் நினைவாக அன்று விடியற்காலையில் ஒருவர் வீடு வீடாக மணியடித்துப் பூசைக்கு எழுப்புவார். நெடுங்காலம் அந்தப் பொறுப்பு அப்பாவிடம் இருந்தது. ஒரு வாசலையும் விடக்கூடாது என்பது முறை. "கொஞ்சம் பைய அடியும் அண்ணாச்சி" என்று யாராவது கேட்டால், "பைய அடிச்சா நீரு எந்திரிப்பீராவே?" என்பார்.

கூட்டாக வைத்திருந்த மீன்பிடி வள்ளத்தை விற்ற தகராறில் அண்ணனும் தம்பியும் பேச்சை விட்டார்கள். கல்யாணம், சாவு எதிலும் முகம் பார்க்கவில்லை. ஆனால் அந்த ஒரு நாள் மட்டும் அப்பா சித்தப்பா வீட்டு வாசலில் நிற்பார். மற்ற வீடுகளைவிட அங்கே கூடுதல் நேரம் அடிப்பார். கதவு திறந்ததேயில்லை. வீட்டுக்கு வந்து, "நல்லா உறங்குதான்" என்று மட்டும் சொல்வார்.

சென்ற ஆண்டு அப்பா படுத்த படுக்கையாகிவிட்டார். நோயைவிட, கோயிலிலிருந்து மணியை யார் எடுப்பார் என்பதே அவருக்குக் கவலை. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. புனிதரின் நாளன்று விடியலில் தெருவில் மணிச்சத்தம் கேட்டது. எங்கள் வாசலில் வந்து நின்றது. கதவைத் திறந்தேன். கையில் மணியோடு சித்தப்பா. உள்ளே வந்து கட்டிலருகே நின்றார். மறுபடியும் மணியை அடித்தார்.

"பைய அடிலே, பிள்ளைங்க உறங்குதுல்லா" என்றார் அப்பா.

சித்தப்பா மணியின் நாவைக் கையால் பிடித்துக்கொண்டார். "நீ அடிச்சதுல ஒரு வருசங்கூட நான் உறங்கலண்ணே."

அந்த வாரமே அப்பா போய்விட்டார்.

நோயில் துணைநின்ற மருத்துவருக்கும் செவிலியருக்கும், கஞ்சி காய்ச்சித் தந்த அண்டை வீட்டாருக்கும், பங்குத்தந்தைக்கும், கல்லறைவரை தோள்கொடுத்த அனைவருக்கும் எங்கள் நன்றி. சவப்பெட்டியின் முன்புறத்தைக் கடைசிவரை யாருக்கும் விட்டுத்தராத சித்தப்பாவுக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். அவரும் அப்பாவின் தம்பிதானே. இந்த வாரம் புனிதரின் நாளும் வருகிறது. மணியடிக்கப் போவது அவர்தான். அன்று எங்கள் வீட்டுக் கதவை நாங்கள் சாத்தப்போவதில்லை.