மொழிபெயர்க்கும் மாஸ்டர்

தஞ்சாவூர் பஸ் கந்தர்வக்கோட்டையில் பஞ்சராகி நிற்கிறது. எதிரே கல்யாண மண்டபத்தில் கூட்டமாக இருக்கவே, எட்டிப் பார்க்கிறேன். ஒரு ஜெர்மன்காரர் கராத்தே சொல்லித் தருகிறார். பக்கத்தில் நரைத்த தலையுடன் நிற்பவர், அதைத் தமிழில் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

இடைவேளையில் அவரிடம் பேச்சுக் கொடுக்கிறேன். இந்த ஊர்க்காரர்தான், ஜெர்மனியில் முப்பது வருஷம் கராத்தே பள்ளி நடத்தியவர். சொல்லித் தருபவர் அவருடைய முதல் மாணவராம். குருவைப் பார்க்க வந்திருக்கிறார்.

“ஊருக்குத் திரும்பி ரெண்டு வருஷமா நோட்டீஸ் அடிச்சுக் கூப்பிட்டேங்க. ஒருத்தரும் இங்கிட்டு வரலை. இவரு படத்தப் போட்டேன், எடம் பத்தலை.”

மகளோடு வந்திருக்கும் ஒரு பெண் அவரிடம் கேட்கிறார்: “வெள்ளக்காரரு ஊருக்குப் போயிட்டா யாருங்க சொல்லிக் குடுப்பா?”

“நாந்தாம்மா.”

“ஒங்களுக்கும் கராத்தே தெரியுமாங்க?”

அவர் பதில் சொல்வதற்குள் ஜெர்மன்காரர் வந்து, குருவின் முன் இடுப்பு வரை குனிந்து வணங்குகிறார். அந்தப் பெண் அசந்துபோய் என் பக்கம் திரும்புகிறார்.

“தமிழ்ல எடுத்துச் சொல்றவருக்கே இம்புட்டு மரியாத குடுக்குறாரு பாருங்க! வெள்ளக்காரங்க வெள்ளக்காரங்கதான்.”

அந்தப் பெண் என்ன சொன்னார் என்று ஜெர்மன்காரர் சைகையால் கேட்கிறார். மாஸ்டர் அதை மட்டும் மொழிபெயர்க்காமல் சிரிக்கிறார்.