பஞ்சு படிந்த பெட்டி

எங்கள் பாட்டு செட்டில் நான்கு பேர். நால்வருமே அருப்புக்கோட்டையில் ஒரே தெருவில் தறி நெய்தவர்கள். ஆர்மோனியம் நான். பாட்டு என் மச்சான், அதாவது என் மனைவியின் அண்ணன். டோலக்கு எதிர்வீட்டுக்காரன், என் வயதுதான். நான்காமவன் ஜால்ரா போடுவான், பின்பாட்டும் பாடுவான். கோயில் பஜனை, கல்யாணம், வளைகாப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். கூப்பிடாத இடத்துக்கும் இரண்டொரு தடவை போய் உட்கார்ந்திருக்கிறோம். இந்த வயதில் அதை மறைத்து என்ன செய்யப்போகிறேன்?

மதுரைக்குத் தெற்கே எங்களை அடிக்க ஆள் இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். இதை யாராவது எங்களிடம் சொன்னார்களா என்றால், இல்லை. நாங்களே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டதுதான். பழகுவது என் வீட்டுத் தறிக்கூடத்தில். இந்தப் பக்கம் நாங்கள் பாடிக்கொண்டிருப்போம், அந்தப் பக்கம் என் தம்பிமார் குழித்தறியில் நெய்துகொண்டிருப்பார்கள். நாடா ஓடுகிற சத்தமும் பலகை அடிக்கிற சத்தமும் சேர்ந்து காதை அடைக்கும். அந்த இரைச்சலுக்கு மேல் கேட்க வேண்டும் என்று நாங்களும் கத்துவோம். அதில் எது சுதி, எது அபசுதி என்று எவனுக்குத் தெரிந்தது!

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள். நூலுக்குக் கட்டுப்பாடு வந்தது. முதலில் பாதி நூல் கிடைத்தது, பிறகு கால்வாசி, பிறகு அதுவும் இல்லை. ஒரு தை மாதத்தில் எங்கள் தெருவில் கடைசித் தறியும் நின்றது. மழையும் பொய்த்த வருஷம். கம்பங்கூழுக்கே ஆலாய்ப் பறந்தோம். என் மனைவி அடுப்பில் உலையை வைத்துவிட்டு, போட என்ன இருக்கிறது என்று தேடுவாள். அந்த நேரத்தில்தான், சித்திரையில் ஒரு நாடகக் கம்பெனி எங்கள் ஊரில் கொட்டகை போடப்போகிறது, பக்கவாத்தியத்துக்கு ஒரு செட்டு வேண்டுமாம் என்று சேதி வந்தது. மாதச் சம்பளம், இரண்டு வேளைச் சோறு. சோறு என்றதும் எங்களுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்று மத்தியானமே கூடத்தில் உட்கார்ந்தோம். மச்சான் பாடினார், நான் ஆர்மோனியப் பெட்டியை அமுக்கினேன். பக்கத்தில் ஒரு தறி கூட ஓடவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக எங்கள் பாட்டை நாங்கள் கேட்டோம். அட கடவுளே! அடியில் சரியாக இருந்த பாட்டு மேலே ஏற ஏறப் பெட்டியோடு சேராமல் பல்லைக் கூச வைத்தது. பாட்டு முடிந்ததும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

"இப்படியே போனா கம்பெனிக்காரன் செருப்பால அடிப்பான்ல" என்றான் டோலக்குக்காரன்.

அப்போது அந்த யோசனையைச் சொன்னது நான்தான். எங்கள் தெருவில் பாவை, அதாவது தறியில் ஏற்றும் நீள நூலை, நீட்டிக் கஞ்சி போடும்போது ஒரு வழக்கம் உண்டு. இரண்டு பக்கமும் ஆட்கள் நடந்துகொண்டே பார்ப்பார்கள். எங்கே இழை அறுந்திருந்தாலும், யாருடைய பாவாக இருந்தாலும், "இங்க அறுந்திருக்கு" என்று உரக்கச் சொல்ல வேண்டும். சொல்பவனுக்குத் தயக்கம் கிடையாது, கேட்பவனுக்குக் கோபம் கிடையாது. மூடி மறைத்தால் துணி பாழாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அதே மாதிரி பாட்டையும் பார்த்துவிடலாம், ஒவ்வொருத்தரிடமும் இருக்கிற குறையை மற்றவர்கள் ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்றேன். எல்லாரும் சரி என்றார்கள்.

ஜால்ராக்காரன் தாளத்தில் முந்துகிறான் என்றோம். ஒத்துக்கொண்டான். டோலக்குக்காரனுக்கு இடது கை சோம்பல் என்றோம். "ஆமாலே" என்று சிரித்தான். மச்சான் முறை வந்தது. மற்ற இருவரும் தரையைப் பார்த்தார்கள். எனக்கோ வாய் நீளம்.

"மேல போகயில உங்க குரலு எகிறுது மச்சான். பெட்டில நிக்க மாட்டேங்குது" என்றேன்.

அவர் மெதுவாகக் கேட்டார்: "நெசமாவா மாப்ள? எனக்கு அப்படித் தெரியலயே. பெட்டியத்தான் ஒருக்காப் பாருங்களேன்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அந்தப் பெட்டி என் மனைவியின் காதுத் தண்டட்டியைக் கொடுத்து நான் வாங்கியது. "பெட்டி மரம், மச்சான். மரம் பொய் சொல்லுமா? மனுசன் தொண்டைதான் பிசகும்" என்றேன். மற்ற இருவரையும் பார்த்தேன். ஜால்ராக்காரன் தலையை ஆட்டினான். டோலக்குக்காரன் டோலக்கின் கயிற்றை இழுத்து இறுக்கிக்கொண்டிருந்தான். என் முறை வந்தபோது என்னிடம் என்ன குறை என்று கேட்டேன். "உனக்கு என்னலே குறை" என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. வெட்கங்கெட்டவன்!

அந்த வாரமே பாட்டை ஜால்ராக்காரனிடம் கொடுத்தோம். நாலு குடும்பத்து வயிற்றுப்பாடு, தயவு தாட்சண்யம் பார்த்தால் ஆகாது என்று நானே பேசினேன். மச்சான், "சரி மாப்ள, நீங்க பொழைச்சா எங்க தங்கச்சிதான் பொழைக்கும்" என்று சொல்லிவிட்டுத் திருச்சுழி ரோட்டில் ஜல்லி உடைக்கிற வேலைக்குப் போய்விட்டார். அவர் போன பிறகு பாட்டும் பெட்டியும் பிசகாமல் சேர்ந்தன. பார்த்தாயா, நான் சொன்னது சரிதானே என்று மனைவியிடம் வேறு பீற்றிக்கொண்டேன்.

சித்திரையில் கம்பெனி வந்தது. காலையில் கொட்டகைக்குள் போய் வாசித்தோம். கம்பெனியின் ஆர்மோனிய வித்துவான் வயதானவர், கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். எழுந்து வந்து என் பெட்டியின் மேல் பலகையைக் கழற்றினார். உள்ளே வரிசையாக இருந்த, சுரம் எழுப்பும் பித்தளை நாக்குகளில், மேல் ஸ்தாயியின் சின்ன நாக்குகளின் நுனியெல்லாம் வெள்ளையாகப் பூத்திருந்தது. ஒரு மெல்லிய தகட்டால் சுரண்டி விரலில் எடுத்துக் காட்டினார். தறிக்கூடத்துப் பஞ்சு. வருஷக்கணக்காகப் படிந்து கனத்துப்போன பஞ்சு.

"இந்தக் கனத்துல மேல் கட்டையெல்லாம் சுதி இறங்கிக் கெடக்கு. இந்தப் பாட்டுக்காரரும் அதுக்குத் தோதா இறங்கியே பாடுறாரு. மூணு பேருல ஒருத்தருக்குக் கூடவாய்யா காது இல்ல?"

டோலக்குக்காரன்தான் சொன்னான்: "நாலாவதா ஒருத்தருக்கு இருந்துச்சுங்கய்யா. அவுகளத்தான் வெளிய அனுப்பிட்டோம்."

வெளியே வந்ததும் அவன் சட்டையைப் பிடித்தேன். "அன்னைக்கே தெரியுமாலே ஒனக்கு?"

"சந்தேகமாத்தான் இருந்துச்சு. பெட்டி ஒன்னோடது. நீ கோவிச்சுக்கிட்டுப் பெட்டியத் தூக்கிட்டுப் போயிட்டா செட்டு ஏதுலே?"

அவனை என்ன சொல்ல? என்னைத்தான் அடித்துக்கொள்ள வேண்டும். பெரியவர் நல்ல மனுஷர். எட்டு நாள் தருகிறேன், அந்தப் பாட்டுக்காரரைக் கூட்டிக்கொண்டு வாருங்கள், கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அன்றைக்கே பெட்டியின் நாக்குகளை எல்லாம் அவரே துடைத்துச் சரிசெய்தும் கொடுத்தார். மறுநாள் காலையில் கரி வாயுவில் ஓடுகிற பஸ்ஸில் பெட்டியோடு ஏறினேன். புறப்படும்போது மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "எங்கண்ணனக் கையோட கூட்டிட்டு வந்துருவீங்கள்ல?"

ரோட்டோரம் கருவேல மரத்தடியில் வரிசையாக உட்கார்ந்து கல் உடைத்துக்கொண்டிருந்தார்கள். மச்சானை எனக்கு அடையாளம் தெரியவில்லை. தலை, புருவம் எல்லாம் கல்தூசி. இரண்டு சுத்தியல் அடிக்கு ஒரு இருமல். நான் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். காலில் விழப்போனேன், தடுத்துவிட்டார்.

"பெட்டிதானா?" என்றார். முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். "நான் நாலு மாசமா என் தொண்டையத்தான் திட்டிக்கிட்டுக் கெடந்தேன் மாப்ள. வைங்க பெட்டிய."

மண்ணில் பெட்டியை வைத்தேன். எங்கள் பழைய பஜனைப் பாட்டைத்தான் எடுத்தார். அடியில் கரகரப்பாக இருந்தாலும் நின்றது. மேலே ஏறும் இடத்தில் குரல் கிழிந்தது. நிறுத்தினார், இருமினார், மறுபடி பாடினார். மறுபடியும் கிழிந்தது. பெட்டி துல்லியமாக இருந்தது, பாவிப் பெட்டி. சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் சுத்தியலை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

"எப்படி இருக்கு? அன்னைக்கு மாதிரியே உள்ளதச் சொல்லுங்க" என்றார்.

"நல்லாருக்கு மச்சான். வாங்க, போவோம்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "நல்லா இருந்தப்ப எகிறுதுன்னீக. எகிறுறப்ப நல்லாருக்குங்குறீக. நீங்க பெட்டி வாசிங்க மாப்ள, பாவு பாக்க மட்டும் போகாதீக." கோபமில்லாமல்தான் சொன்னார். பிறகு சுத்தியலை எடுத்துக்கொண்டார். "உடைச்ச ஜல்லிய ஆளு வச்சு அளக்குறாக, எனக்கு இன்னும் அரைக் குழி பாக்கி இருக்கு. நீங்க கெளம்புங்க. தங்கச்சி கேட்டா குரலு நல்லாருக்குன்னே சொல்லுங்க."

பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் நடந்தேன். அருப்புக்கோட்டை வந்து சேரும்போது வெயில் தாழ்ந்திருந்தது. வாசலில் நின்றவள் என்னைப் பார்த்தாள், என் பின்னால் பார்த்தாள், தலையில் இருந்த பெட்டியைப் பார்த்தாள்.

"அண்ணன் பாடுச்சா? குரலு எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு" என்றேன்.

"அப்ப ஏன் தனியா வந்தீங்க?" என்றாள்.