பலா மரத்துக்கு விலை சொன்னது

சிதம்பரத்தில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்தபோது இணையத்தில் தொழில்முனைவு கற்றுக்கொண்டேன். கீழ வீதிப் பக்கம் ஒரு பிரவுசிங் சென்டர், வியர்வை நாறும் ஹெட்போன், நின்று நின்று ஓடும் வீடியோ. பாடம் நடத்தியவர் ஒரு வெள்ளைக்காரர். அவர் சொன்னதை அன்றே யாரிடமாவது பரீட்சை பார்க்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. பேரம் பேசுவதற்கு ஒரு பாடம் இருந்தது. உன் விலையைச் சொல். பிறகு வாயைத் திறக்காதே. அந்த மௌனம் பொறுக்காமல் முதலில் பேசுகிறவன் தோற்பான். மெஸ்காரரிடம் செய்து பார்த்தேன், பலித்தது.

2011 கடைசியில் புயல் அடித்தது. கடலூரில் எங்கள் வீட்டுக்கு ஓடு போனதோடு சரி. காடாம்புலியூரில் தாய்மாமாவின் முந்திரி, பலாத் தோப்பில் ஒரு மரம்கூட நிற்கவில்லை. முந்திரி விறகுக்குத்தான் ஆகும். முற்றிய பலா அப்படியில்லை. கதவுக்கும் நிலைக்கும் கேட்பார்கள். வெயிலில் கிடந்து வெடிப்பு விடுவதற்குள் விற்றால், புதுக் கன்று நட்டு, அது காய்க்கும்வரை மாமா அங்கேயே காலம் தள்ளலாம். இல்லாவிட்டால் கூலிக்குப் போக வேண்டும்.

மர வியாபாரி வருகிறார் என்றதும் மாமா போன் செய்தார். "நீ வந்து பேசு மாப்ள. நீதான் அதுக்குன்னு படிக்கிறியே. நான் தோப்புப் பக்கம் போறதையே வுட்டுட்டேன்."

வியாபாரி ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்து, சாய்ந்த மரத்தின்மேல் செருப்புக் காலோடு ஏறி நடந்தார். "ரோட்டுல கெடக்குற மரத்தயே சும்மா எடுத்துக்கன்றாங்க. இதுக்கு நான் காசு வேற குடுக்கணும்" என்றார். வாசலில் பாய் விரித்து உட்கார்ந்தோம். அவர் கேட்ட விலை அறுப்புக்கூலிக்குக்கூடக் காணாது. நான் என் விலையைச் சொன்னேன். சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மாமாவுக்கும் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். முகம் மழிக்காமல் பல நாள் தாடி.

வியாபாரி மாமாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மரங்களைப் பார்த்தார். எங்கள் பக்கம் இப்படிப் பேச்சில்லாமல் உட்கார்ந்திருப்பது எழவு வீட்டில்தான். அங்கிருந்து கிளம்புகிறவர்கள் 'வரேன்' என்று சொல்லமாட்டார்கள். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், வேண்டுமென்றே மெதுவாக நடந்து போனார். தெரு திரும்பியதும் கூட வந்த ஆள் சிரித்தது கேட்டது.

"திரும்பி வருவாரு மாமா. இதுதான் டெக்னிக்" என்றேன்.

அத்தை உள்ளேயிருந்து வந்தார். "சொல்லிக்காமப் போனவன் எங்க திரும்பி வருவான்? கருமாதிக்கு வருவான்."

ஒரு வியாபாரி விலை கேட்ட மரத்தை, அவர் வேண்டாம் என்று சொல்லும்வரை இன்னொருவர் கேட்கமாட்டார். அது அவர்களுக்குள் கட்டுப்பாடு. அவர் வேண்டாம் என்று சொல்லவேயில்லை. போன் செய்தால், "இருக்கட்டும் தம்பி, இன்னும் கொஞ்சம் காயட்டும்" என்பார். காய்ந்தது. கட்டைகளின் முனையில் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு விட்டது. அதற்குள் என் இணையக் கோர்ஸ் முடிந்து சான்றிதழ் மெயிலில் வந்தது. பேரத்தில் நல்ல மதிப்பெண்.

கடைசியில் அந்தக் கட்டுப்பாட்டில் சேராத ஒரு செங்கல் சூளைக்காரர் விறகு விலைக்கு எடுத்துக்கொண்டார். லாரி வந்த அன்று நானும் போயிருந்தேன்.

"ஏத்துறதுக்கு ஆளு கூட்டியாந்திருக்கேங்க. நீங்க அப்பிடி நெழல்ல உக்காருங்க" என்றார் சூளைக்காரர்.

மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். "ஒரு ஆளக் கொறச்சிக்குங்க. அந்தக் கூலிய எனக்குக் குடுத்துடுங்க."

சூளைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "தூக்குவியா?"

"தூக்குவேங்க." மாமா குனிந்து ஒரு கட்டையில் கை வைத்தார். என் பக்கம் திரும்பவில்லை. "சூளைலயும் ஆளு எடுக்குறீங்களாமே?"

"மொதல்ல இத ஏத்து. பாப்பம்."